மாவு ஈரம் பொறுக்காது

பனி உருகத் தொடங்கிய வாரம்
படுக்கையறையின் உள்கூரையில் ஒரு கறை தெரிந்தது.
முதலில் நாணயம் அளவு,
ஞாயிற்றுக்கிழமைக்குள் சாப்பாட்டுத் தட்டு.
ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் நான்.
படத்தில் இருப்பதைப் பார்ப்பேன்,
வாயைத் திறக்க மாட்டேன், அது டாக்டர் வேலை.
ஆனால் மல்லாந்து படுத்தால்
அந்தப் பழுப்பு ஓரம்
டாக்டருக்குக் காத்திராமல் சொல்லிக்கொண்டேயிருந்தது.

கட்டிலை நகர்த்தினேன். வாளியை வைத்தேன்.
லூயிஸ்டனில் கூரைக்காரர்களுக்குப் பஞ்சமில்லை.

முதலாமவர் ஏணியே கொண்டுவரவில்லை.
தும்பி மாதிரி ஒன்றைப் பறக்கவிட்டு
என் வீட்டின் உச்சந்தலையைக் கைபேசியில் காட்டினார்.
"மொத்தமும் மாற்றணும். பதினெட்டாயிரம் டாலர்.
இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் பதினாறு."
கையெழுத்துக்குப் பயந்து
இரண்டாயிரம் குறைகிற நோயை
நான் இதுவரை படமெடுத்ததில்லை.

இரண்டாமவர் கூப்பிடாமலே வந்தார்,
மழைக்கு மறுநாள் வரும் ஈசல்.
வண்டியில் வேறு மாநிலத்து நம்பர்.
பாதிப் பணம் முன்னால் வேண்டுமாம்.
மூன்றாமவர் செவ்வாய்க்கிழமை என்றார்.
எந்தச் செவ்வாய் என்று
நானும் கேட்டுவைக்கவில்லை.

வாளி நிறைந்தது. கொட்டினேன். நிறைந்தது.

சனிக்கிழமை இரவுப்பணி முடிந்து
அனாயிக்கின் ரொட்டிக்கடை வரிசையில் நின்றேன்.
ஒரு ஹாக்கிக்காரன் பின்னால்
பிரெஞ்சுக் கடற்கரையிலிருந்து வந்தவள் அவள்.
ஹாக்கிக்காரன் போய்விட்டான். அடுப்பு இருக்கிறது.
மாவு, தண்ணீர், உப்பு, முந்தாநாள் புளிப்பு,
வேறெதையும் அவள் உள்ளே விடுவதில்லை.
வெளியே எடுத்ததும் ரொட்டிகள் மேலோடு வெடித்து
தமக்குள் சடசடவென்று பேசிக்கொள்ளும்.
ஒன்றைக் கவிழ்த்து, அடிவயிற்றில் தட்டி,
காதோரம் பிடித்துக் கேட்டாள்.

என் முறை வந்தது.
தூக்கம் சொக்கிய கண்ணோடு அண்ணாந்தேன்.
நூறு வருடத்துத் தகரக் கூரை, வெள்ளை வெளேரென்று.
கீழே சுவரோரம் முப்பது மூட்டை மாவு.

"அனாயிக், உன் கூரையை யார் பார்க்கிறார்கள்?"

பின்னால் நின்றவர் இருமினார்.
அவள் அவசரப்படவில்லை.
"மாவு ஈரம் பொறுக்காது" என்றாள்,
ரொட்டி சுற்றும் தாளில் எழுதினாள்:
நெல்சன் பெல்க்கி. ஒரு எண்.
ஏழில் கோடு போடுகிறவள், பாவம்,
நான் முதலில் வேறு யாரையோ எழுப்பிவிட்டேன்.

பெல்க்கி ஏணியோடு வந்தார்.
கேட்பதற்கு முன்பே காப்பீட்டுத் தாளை நீட்டினார்.
மேலே போனவர் ஒரு மணி நேரம் பேசவில்லை.
அங்கங்கே தட்டும் சத்தம் மட்டும்,
தட்டிவிட்டு ஒரு மௌனம்.
கேட்கிறார் என்று புரிந்தது.

இறங்கும்போது கையில்
அரித்துப்போன தகடு ஒன்று, உள்ளங்கை நீளம்.
"கூரைக்கு இன்னும் பத்து வருஷம் ஆயுசு இருக்கு.
புகைபோக்கியின் கழுத்தில்தான் ஓட்டை.
முந்நூற்று எண்பது. முடிந்த பிறகு கொடுங்கள்."

வியாழன் மதியம் வேலை முடிந்தது.
மேலிருந்து அவர் குழாயைத் திருப்ப,
பரணில் டார்ச்சோடு குந்தியிருந்தேன்.
"வருதா?"
"இல்லை."
"இப்போ?"
"இல்லை!"
"இப்போ?"
வாழ்க்கையில் யாருக்கும் நான்
இத்தனை சந்தோஷமாக இல்லை என்று சொன்னதில்லை.

வாசற்படியில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தோம்.
வெண்ணெய் குளிரில் கல்லாகியிருந்தது;
தார் பூசும் கத்தியை அவர் எடுக்க,
வேண்டாம் என்று பிடுங்கிக்கொண்டேன்.
மேலோடு உடைந்து அவர் தாடியெல்லாம் உதிர்ந்தது.
"பகெட்டு" என்றார் ட்டுவை அழுத்தி.
அனாயிக் கேட்டால் திருத்துவாளாம்,
நாலு வருடமாகத் திருத்துகிறாளாம்.
அதைச் சொன்னபோது
அவர் ரொட்டியைப் பார்த்துச் சொன்னார்.

இரவு நிஜ மழை பிடித்தது.
பழக்கதோஷம், வாளி அதே இடத்தில்.
முதல் சொட்டுக்காக விழித்துக் கிடந்தேன்,
ஒரு மணி. இரண்டு மணி.
ஒன்றும் விழவில்லை.
பசித்தது.
எழுந்து போய்
மிச்சமிருந்த முனையைப் பாலில் தோய்த்து,
விளக்கைப் போடாமல்,
நின்றபடியே தின்றேன்.